முதல் மாரத்தானுக்கு ஒரு பயிற்சி ஆப்: நேரமே இல்லாதவர்களுக்கு ஒத்துவருமா?

வேலை, வீடு, பிள்ளைகள் என்று நாள் முழுக்க அல்லாடும் ஒருவர் முதல் மாரத்தானுக்குத் தயாராகும்போது பெரிய தட்டுப்பாடு நேரம்தான். அதனால் எந்தப் பயிற்சி ஆப்பையும் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: ஒரு நாள் ஓட முடியாமல் போனால் இது என்ன செய்கிறது? மாதச் சந்தா கட்டி முழுப் பயிற்சிக்கும் நான் பயன்படுத்திய ஆப் இந்தக் கேள்வியில் நன்றாகவே தேறியது. வேறு சில இடங்களில் கோட்டை விட்டது.

திட்டம் 18 வாரம். வார நாட்களில் மூன்று ஓட்டம், வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம், அவ்வளவுதான். இலவசமாகக் கிடைக்கும் அட்டவணைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், இதற்காக யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் புதன்கிழமை மீட்டிங் இழுத்தடித்து ஓட்டம் விட்டுப்போனால் காகித அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாகவே நிற்கும், அதைப் பார்க்கப் பார்க்க வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கூடுதலாக ஓடி ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றும், முழங்காலும் அதற்குக் கீழே காலின் முன்பக்க எலும்பும் வலிக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் அப்படித்தான். இந்த ஆப் விட்டதை விட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. சுலபமான ஓட்டம் தவறினால் அதை நீக்கிவிட்டு அடுத்ததைக் காட்டுகிறது. நீண்ட ஓட்டம் தவறினால் மட்டும், அதே வாரத்தில் வேறு நாள் ஒதுக்க முடியுமா என்று கேட்கிறது. காய்ச்சலில் ஒரு வாரமே போனபோது, எழுந்து வந்ததும் தூரத்தை ஒரு படி இறக்கிக் கொடுத்து, அங்கிருந்து மெதுவாக ஏற்றியது. நல்ல பயிற்சியாளரும் அதைத்தான் செய்திருப்பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தூரத்தோடு, நம் வேகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றும் முன்கூட்டியே காட்டுகிறது. வீட்டில் போய் "ஞாயிற்றுக்கிழமை 32 கிலோமீட்டர்" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற வேகத்தில் அது மூன்றே முக்கால் மணி நேரம், அப்புறம் குளியல், சாப்பாடு, கொஞ்சம் படுக்கை. அரை நாள் நான் கிடைக்க மாட்டேன் என்பதை இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டால் வீட்டில் அதற்கேற்ப வேலைகளை மாற்றிக்கொள்கிறார்கள். சண்டையில்லாமல் பயிற்சி முடிவதற்கு இது பெரிய உதவி.

இனி குறைகள். முதலில் முடிக்கும் நேரத்தைப் பற்றிய கணிப்பு. 5 கிலோமீட்டர் ஓடிய நேரத்தை வைத்து மாரத்தான் நேரத்தைச் சொல்கிறது. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்ட பிரபலமான சூத்திரத்தின்படி பார்த்தால், 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுபவர் 42.195 கிலோமீட்டரைச் சுமார் 4 மணி 48 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குத் தேவையான பயிற்சி முழுதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும், வாரத்துக்கு நாலு நாள் மட்டும் ஓடும் புதியவருக்கு இது ஆசை காட்டும் எண். அதை நம்பி முதல் 10 கிலோமீட்டரை வேகமாக ஓடினால் கடைசி 10-இல் நடக்க வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய குறை, ஓடும்போது சாப்பிடுவது பற்றி இந்த ஆப்பில் ஒரு வரி கூட இல்லை. தசையிலும் கல்லீரலிலும் உடல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்துபோவதால்தான் பலருக்கு 30 கிலோமீட்டர் தாண்டியதும் கால் நகர மறுக்கிறது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல், வயிறு அதை ஏற்றுக்கொள்ளுமா என்று நீண்ட ஓட்டங்களிலேயே பழகிப் பார்த்துவிட வேண்டும். பந்தய நாளில் முதன்முறையாக ஜெல் (ஓடும்போதே எடுக்கும் மாவுச்சத்துக் கூழ்) சாப்பிட்டால் வயிறு கலங்கலாம். பணம் வாங்கும் ஒரு பயிற்சித் திட்டம் இதை விட்டிருக்கவே கூடாது.

தசை வலுவூட்டும் பயிற்சிகள் வேறொரு மெனுவுக்குள் ஒளிந்திருக்கின்றன, தேடித்தான் எடுக்க வேண்டும். உயரமான கட்டிடங்களுக்கு நடுவே போனின் ஜிபிஎஸ் காட்டும் வேகம் தாறுமாறாகக் குதிக்கிறது, சுலப ஓட்டங்களில் அதைப் பார்க்காதீர்கள், மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி.

தினமும் ஒரே நேரத்தில் வேலை முடிகிறவர்களுக்கு இலவச அட்டவணையே போதும். ஷிப்ட் மாறுகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், அடிக்கடி பயணம் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட வந்த பிறகு. வருடச் சந்தா மட்டும் வேண்டாம், 18 வாரத்துக்கு ஐந்து மாதம் கட்டினாலே போதும்.