தேனீ வளர்ப்புப் புத்தகங்கள்: வாங்குமுன் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

தேனீ வளர்ப்புப் புத்தகம் கைக்கு வந்ததும் தேன் வழியும் அடைப் படங்களில்தான் கண் போகும். அதை விட்டுவிட்டு, முட்டையிலிருந்து ஈ வெளிவரும் நாட்களைச் சொல்லும் அட்டவணையைத் தேடுங்கள். இராணி 16, பணித் தேனீ 21, ஆண் தேனீ 24 என்று ஒரே வரிசை மட்டும் இருந்தால், அது ஏபிஸ் மெல்லிஃபெரா என்னும் இத்தாலியத் தேனீயை மனத்தில் வைத்து எழுதியது. உலகச் சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். பெட்டியில் இருப்பது ஏபிஸ் செரானா, அதாவது அடுக்குத் தேனீ என்றால், அந்தப் புத்தகத்தை அப்படியே பின்பற்றினால் சிக்கல் வரும்.

முதல் சிக்கல் மெழுகு அடித்தாள், அதாவது தேனீ அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கும் மரச்சட்டத்தில் நாம் பொருத்தும், அறை அச்சுப் பதித்த மெழுகுத் தாள். மெல்லிஃபெராவுக்கான தாளில் ஓர் அறையின் அகலம் 5.3 முதல் 5.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். உடல் சிறுத்த அடுக்குத் தேனீக்கு அது பெரிது; அடை கோணலாக வரும். அடுத்தது ஓடிப்போதல். மெல்லிஃபெரா நூல்கள் கூட்டம் பிரிவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும்; தீனி குறைந்தாலோ, மெழுகு அந்துப்பூச்சி புகுந்தாலோ, பெட்டியை அடிக்கடி திறந்தாலோ மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடுவதை ஒரு பத்தியில் முடித்துவிடும். அடுக்குத் தேனீ வைத்திருப்பவருக்கோ அதுதான் முதல் கவலை. தேனீயின் உடலிலும் புழு அறையிலும் ஒட்டி வாழும் வர்ரோவா உண்ணி விஷயமும் அப்படியே. செரானாதான் அதன் பழைய வீடு. அங்கே அது பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில் மட்டுமே பெருகுகிறது. மெல்லிஃபெராவில் பணித் தேனீ அறைகளிலும் பெருகிக் கூட்டத்தையே சாய்க்கிறது. ஒன்றுக்கு எழுதிய மருந்துக் கணக்கை மற்றதற்கு ஊற்றக் கூடாது.

இந்த இடைவெளியை நிரப்பும் நூல், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட 'பீகீப்பிங் இன் ஏசியா'. பொங்தெப் அக்ரதனகுல் எழுதியது. கொம்புத் தேனீ, மலைத் தேனீ, அடுக்குத் தேனீ, இத்தாலியத் தேனீ என நான்கையும் தனித்தனியாக எடுத்துப் பேசுகிறது. சிறிய நூல், இணையத்தில் இலவசம், அலட்டல் இல்லாத நடை. தொடக்கநிலையினருக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும். வயதானது என்பதுதான் குறை: மருந்து பற்றிய பகுதியைப் படித்துவிட்டு மறந்துவிடலாம். நோய்க்கு, அதே அமைப்பின் 2006 வெளியீடான தேனீ நோய், பூச்சிக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மார்க் வின்ஸ்டனின் 'தி பயாலஜி ஆஃப் தி ஹனி பீ' 1987இல் வந்தது. பெட்டி எப்படிச் செய்வது, எப்போது தேன் எடுப்பது என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அது முழுக்க உயிரியல், அதுவும் மெல்லிஃபெராவின் உயிரியல். ஆனால் கைவேலை நூல்கள் உத்தரவாக மட்டும் சொல்லும் பலவற்றின் காரணம் இதைப் படித்தால் விளங்கும். ஓர் எடுத்துக்காட்டு: கூட்டம் பிரியும் காலத்தில் 7 நாளுக்கு ஒருமுறை பெட்டியைப் பார் என்று பல நூல்கள் சொல்கின்றன. ஏன் 7? புது இராணி வளரும் அறை, முட்டையிட்ட 8ஆம் நாள் வாக்கில் மெழுகால் மூடப்படுகிறது. வானிலை இடம் கொடுத்தால் பழைய இராணியோடு கூட்டம் கிளம்புவதும் ஏறக்குறைய அப்போதுதான். 10 நாள் விட்டுப் பார்த்தால், நாம் காண்பது மூடிய அறையும் பாதி காலியான பெட்டியும். முட்டை நிலை 3 நாள் என்பதும் அப்படித்தான்: நிமிர்ந்து நிற்கும் முட்டை கண்ணில் பட்டால், கடந்த மூன்று நாளுக்குள் இராணி அங்கே இருந்திருக்கிறாள், அவளைத் தேடிச் சட்டம் சட்டமாகக் குடைய வேண்டியதில்லை. இப்படிக் காரணம் சொல்லாத வழிகாட்டி நூல் எவ்வளவு அழகாக அச்சடிக்கப்பட்டிருந்தாலும் இரண்டாம் தரம்தான்.

1877இல் ஏ.ஐ. ரூட் தொடங்கி வைத்து இன்றும் திருத்தப்பட்டு வரும் 'ஏபிசி அண்ட் எக்ஸ்ஒய்இசட் ஆஃப் பீ கல்ச்சர்' அகரவரிசைக் களஞ்சியம். தொடர்ந்து படிக்க முடியாது. சந்தேகம் வரும்போது புரட்டலாம். பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோர், உண்ணிப் பகுதியைப் பார்த்துவிட்டு வாங்குக. அமெரிக்காவில் வர்ரோவா கண்டறியப்பட்டதே 1987இல். அதற்கு முந்தைய பதிப்பு அங்கே உதவாது. கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டியை வடிவமைத்த லாங்ஸ்ட்ராத்தின் 1853 நூல் வரலாற்று ஆர்வத்துக்கு மட்டும். தாமஸ் சீலியின் 'ஹனிபீ டெமாக்ரசி' பிரிந்த கூட்டம் புதுவீடு தேர்ந்தெடுக்கும் விதத்தை அற்புதமாகச் சொல்கிறது. பிரிந்த கூட்டத்தைப் பிடிக்கக் காலிப் பெட்டியை, அதாவது பொறிப்பெட்டியை, வைப்பவர்களுக்கு நுழைவாய் அளவு, உட்கொள்ளளவு பற்றிய பகுதிகள் நேரடியாகவே பயன்படும்.

காணொளிகளுக்கு ஒரு சோதனை உண்டு. உண்ணி எண்ணிக்கை எடுப்பதைக் காட்டும் ஒன்றைத் திறந்து பாருங்கள். புழு உள்ள சட்டத்திலிருந்து அரைக் கோப்பை, அதாவது சுமார் 300 ஈக்களை எடுக்க வேண்டும். அதற்குமுன் அந்தச் சட்டத்தில் இராணி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆல்கஹாலில் குறைந்தது ஒரு நிமிடமாவது குலுக்க வேண்டும். 9 உண்ணி விழுந்தால் 3 சதவீதம் என்று கணக்குப் போட வேண்டும். இராணியைப் பார்க்காமல் அள்ளுபவர், நாலு தடவை ஆட்டிவிட்டு "உண்ணியே இல்லை" என்பவர் காணொளிகளை மூடிவிடலாம். உண்ணிக்கு மருந்தாகப் பயன்படும் ஆக்சாலிக் அமிலம் பற்றிப் பேசுபவர், அது மூடிய அறைக்குள் போகாது, புழு இல்லாத காலத்தில்தான் முழுப்பலன் என்று சொல்கிறாரா என்றும் கவனியுங்கள். நல்ல காணொளியிலும் எடையும் வாசனையும் வராது. சட்டத்தைத் தூக்கியதும் இது பாதித் தேன் என்று கை சொல்வதும், புழுக்களைத் தாக்கும் அழுகல் நோயின் நாற்றமும் பெட்டிக்கு முன்னால்தான் பிடிபடும்.

அதனால் பயிற்சி வகுப்பில் சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை முறை பெட்டியைத் திறக்க விடுவீர்கள்? ஒரே நாளில் முடியும் வகுப்பில் படக்காட்சிதான் மிஞ்சும். பூக்காலத் தொடக்கம், பிரிவுக் காலம், அறுவடை, பூ இல்லாத பஞ்ச காலம் என நான்கு நேரத்திலும் ஒருநாளாவது அழைக்கும் வகுப்பு கிடைத்தால் விடக் கூடாது. அறுவடை நாளில் ஈரப்பத மானி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சர்வதேசத் தரம் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏற்பதில்லை, அதற்கு மேல் போனால் தேன் புளிக்கத் தொடங்கும். தேனீக்கள் இன்னும் மெழுகால் மூடாத, ஈரம் வற்றாத அறைகள் நிறைந்த அடையைப் பிழிந்துவிட்டு "இதுதான் புதுத்தேன்" என்று காட்டும் பயிற்றுநரிடம் மீதி வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.