அமெரிக்காவில் இன்ஸ்ட்ரக்டர் வேலை என்று பணம் கேட்கிறார்களா? முதலில் பள்ளி தரும் ஐ-20 படிவத்தைப் பாருங்கள்

விமானப் பயிற்சிக்கு அமெரிக்கா அனுப்பும் சில ஏஜென்சிகள் பெற்றோரிடம் ஒரே கணக்கைத்தான் போட்டுக் காட்டுகின்றன: "சி.பி.எல். (வணிக பைலட் லைசென்ஸ்) முடிச்சதும் உங்க பையன் அங்கேயே இன்ஸ்ட்ரக்டர் ஆயிடுவான். சம்பளம் வாங்கிட்டே 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் சேர்த்துடுவான், கடனையும் அவனே அடைப்பான்." இதை நம்பி, இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழுக்கான சி.எஃப்.ஐ. பயிற்சிக்கும் சேர்த்து முழுப் பணம் கட்டியவர்களுக்கு, படிப்பு முடியும் நேரத்தில்தான் உண்மை தெரிகிறது.

சிக்கல் விசாவில் இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகள் மூலம் கிடைப்பது எம்-1 என்ற தொழிற்பயிற்சி விசா. படிக்கும்போது வேலை பார்க்கவே கூடாது. முடித்தபின் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் பயிற்சி வேலைக்கு அனுமதி உண்டு, அதுவும் ஆறு மாதத்துக்கு மேல் கிடையாது. ஒரு வருடம் படித்தால் மூன்று மாதம். மாதம் 80 மணி நேரம் பறந்தாலும் 240 மணிதான் சேரும். வானிலையும் மெயின்டனன்ஸும் அதையும் குறைக்கும். "அங்க போய் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாத்திக்கலாம்" என்பது பச்சைப் பொய். எம்-1 மாணவர் அமெரிக்காவுக்குள் இருந்தபடி எஃப்-1க்கு மாற விதி அனுமதிப்பதில்லை. எஃப்-1 தரும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பொதுவாக 12 மாத வேலை அனுமதி கிடைக்கும், ஆனால் பள்ளி எல்லோரையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளாது.

செலவிலும் மறைப்பு உண்டு. விலைப்பட்டியல் குறைந்தபட்ச மணி நேரத்துக்குத்தான் போடப்படுகிறது. இன்ஸ்ட்ரக்டர் உட்காரும் வலது சீட்டிலிருந்து ஓட்டிப் பழகக் கூடுதல் மணி நேரம் ஆகும். தேர்வாளர் கட்டணம் பெரும்பாலும் தனி. தேர்வில் தவறினால் விமான வாடகை, இன்ஸ்ட்ரக்டர் கட்டணம் எல்லாம் மறுபடியும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) சொல்லித்தர சி.எஃப்.ஐ.ஐ. என்ற தனிச் சான்றிதழ் வேண்டும், அதற்கு வேறு பணம்.

இந்தியா திரும்பினால் அந்த சி.எஃப்.ஐ.யை வைத்துப் பாடம் எடுக்க முடியாது, இந்திய விமானத்துறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. தரும் லைசென்ஸில் தனி ரேட்டிங் வேண்டும். இங்கே கோ-பைலட் ஆக 1,500 மணி நேரம் என்று சட்டமும் கேட்பதில்லை, சி.பி.எல்.லுக்கு 200 போதும். பிறகு எதற்கு இந்தச் செலவு என்று ஏஜெண்டிடமே கேளுங்கள்.

பணம் கட்டுமுன் ஐ-20இல் விசா வகை எம்-1 என்றிருக்கிறதா எஃப்-1 என்றிருக்கிறதா என்று பாருங்கள். வேலை வாக்குறுதியைப் பள்ளியின் கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள்: 2008இல் நெவாடாவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் திடீரென மூடப்பட்டபோது, ஏறத்தாழ 70,000 டாலர் கடன் வாங்கி முன்கூட்டியே கட்டிய மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் சி.எஃப்.ஐ. பகுதியைத் தொடங்குமுன் அந்தப் பணத்தைத் திருப்பித்தரும்படி எழுத்தில் கேளுங்கள். தொடர்வதானால், படிப்பு முடியுமுன்பே பள்ளியில் வெளிநாட்டு மாணவர் விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ.விடம் வேலை அனுமதி விண்ணப்பம் பற்றிப் பேசிவிடுங்கள். அனுமதி அட்டை கைக்கு வரும்வரை ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்குப் பறக்கக் கூடாது.