பிளேஆஃப் பத்து வருஷம்: வாரியர்ஸ் கொடுத்தது, நைனர்ஸ் பிடுங்கியது

ஃபோனுக்கும் மிக்ஸிக்கும் அனுபவம் எழுதுகிறவர்கள் வாங்கி இரண்டே வாரத்தில் எழுதிவிடுகிறார்கள். நான் பத்து வருஷம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். பொருள் இரண்டு. ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை இழுக்கும் என்பிஏ பிளேஆஃப், அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் கோப்பைச் சுற்றுகள், ஒன்று. ஜனவரியில் தொடங்கி பிப்ரவரியில் சூப்பர் போல் என்கிற இறுதி ஆட்டத்தோடு முடியும் என்எஃப்எல் பிளேஆஃப், அதாவது அமெரிக்க ஃபுட்பால் லீகின் சுற்றுகள், இன்னொன்று. அணிகள் கூடைப்பந்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், ஃபுட்பாலில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ், சுருக்கமாக நைனர்ஸ். நானாகத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து ஃப்ரீமாண்ட்டில் வீடு எடுத்தேன், வாடகையோடு சேர்ந்து வந்துவிட்டன.

இங்கே வந்தது 2014 கடைசியில். அடுத்த ஜூனிலேயே வாரியர்ஸ் கிளீவ்லேண்டை 4-2 என்று சாய்த்து 40 வருஷத்துக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியது. ஓக்லாந்து ஊர்வலத்துக்கு பார்ட் ரயிலில் நசுங்கிக்கொண்டு போனேன், என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் 1975 கோப்பையைச் சின்னப் பையனாகப் பார்த்தவராம், விடாமல் அழுதுகொண்டிருந்தார். எனக்கு அப்போது அது புரியவில்லை. வந்து எட்டு மாதம், கோப்பை கையில், இதற்குப் போய் அழுவானேன் என்று தோன்றியது. முதல் மாதச் சந்தாவை இலவசமாகக் கொடுப்பார்களே, அதில் மாட்டிய கதைதான்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கூடைப்பந்தில் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர், நாலு ஜெயித்தால் மேலே போகலாம். அமெரிக்க ஃபுட்பாலில் ஒரே ஆட்டம், தோற்றால் வீடு. அதாவது கூடைப்பந்து உங்களைத் தவணை முறையில் அழவைக்கும், ஃபுட்பால் மொத்தத்தையும் ஒரே மாலையில் பிடுங்கிக்கொள்ளும். எது தேவலாம் என்று இந்தப் பத்து வருஷத்தில் நான் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறேன், இப்போதும் ஒரு முடிவுக்கு வந்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

2016 மே மாதம் மகள் பிறந்தாள். மாமனார், மாமியார் திருச்சியிலிருந்து வந்திருந்தார்கள், வீடு முழுக்கப் பத்தியச் சமையல் வாசனை. அந்த வருஷம் வாரியர்ஸ் லீக் சுற்றில் 73 ஜெயித்து 9 மட்டுமே தோற்றிருந்தது, அதற்கு முன் யாரும் அத்தனை ஜெயித்ததில்லை. மேற்குப் பிரிவு இறுதியில் ஓக்லஹோமா சிட்டியிடம் 1-3 என்று மாட்டிக்கொண்டார்கள். ஆறாவது ஆட்டத்தில் எங்கள் கிளே தாம்ப்சன் 11 முறை மூன்று புள்ளிக் கூடை போட்டு மொத்தம் 41 புள்ளி எடுத்தார். தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு பார்த்த எனக்குக் கத்த வழியில்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூடினேன். தண்ணீரில்லாத மீன் மாதிரி இருந்தது என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அப்புறம் இறுதிச் சுற்று. கிளீவ்லேண்டோடு 3-1 முன்னிலை, இன்னும் ஒன்றே ஒன்று ஜெயித்தால் போதும். ஐந்தாவது ஆட்டத்துக்கு எங்கள் டிரேமண்ட் கிரீனுக்குத் தடை, அதில் தோல்வி, ஆறாவதிலும் தோல்வி. ஜூன் 19, ஞாயிறு, ஏழாவது ஆட்டம். 89-89 என்று ஸ்கோர் நின்றது நின்றபடி நிற்கிறது. கடைசி 4 நிமிடம் 39 நொடியில் வாரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. எங்கள் இகுடாலா எளிதாகப் போட வேண்டிய பந்தை கிளீவ்லேண்டின் லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து பறந்து வந்து பலகையோடு சேர்த்து அடித்தார், 53 நொடி இருக்கும்போது அவர்களின் கைரி இர்விங் எங்கள் நட்சத்திரம் ஸ்டெஃபன் கறியின் முகத்துக்கு நேராக மூன்று புள்ளி போட்டார். 93-89. குழந்தை தூங்குகிறது, அறையில் ஒரு சத்தமும் இல்லை. மாமனார் கிரிக்கெட்டும் கபடியும் பார்த்தவர், அவர்தான் வாயைத் திறந்தார்: "விடுங்க மாப்பிள்ளை, அஞ்சு நிமிஷமா ஒரு கூடை விழலை. இதுல அவங்க ஜெயிச்சாங்கன்னு சொல்றதா, இவங்க தோத்தாங்கன்னு சொல்றதா?" இறுதிச் சுற்றில் 3-1 முன்னிலையை விட்ட முதல் அணி நாங்கள்தான். மற்ற ஊர் நண்பர்கள் அதைப் பல வருஷம் விடவில்லை, அடுத்த இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியும் விடவில்லை.

ஃபுட்பால் கொஞ்சம் தாமதமாக ஒட்டியது. பந்தைக் காலால் உதைப்பதே எப்போதாவதுதான், இதற்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் என்கிற கேள்வியை நம் ஆட்கள் எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன், பதில் தெரிந்துகொள்வதற்குள் பிடித்துப்போய்விட்டது. ஆட்டக் கடிகாரப்படி 60 நிமிடம், உட்காரும் நேரம் மூன்றரை மணி. பந்து உண்மையில் நகரும் நேரத்தை மட்டும் கூட்டினால் கால் மணி நேரம்கூடத் தேறாது, மிச்சமெல்லாம் கூடிப் பேசுவது, வரிசையில் நிற்பது, விளம்பரம். முதலில் எனக்கு இது பெரிய குறையாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, அந்த இடைவெளிதான் ஆட்டமே. நாலு முயற்சியில் 10 யார்டு நகர வேண்டும், ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் அரை நிமிடம் உங்கள் வயிறு கலங்குவதற்கென்றே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் சூடு 2020 பிப்ரவரி 2. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸோடு சூப்பர் போல், நாலாவது குவார்ட்டரில், அதாவது கடைசிக் கால்பகுதியில், எங்களுக்கு 20-10 முன்னிலை. அவர்களுக்கு மூன்றாவது முயற்சி, 15 யார்டு வேண்டும். சோஃபாவிலிருந்து எழுந்து நின்றேன். அவர்களின் பந்து வீசுகிறவர் மஹோம்ஸ் பின்னால் பின்னால் போய் வீசினார், டைரீக் ஹில் யாருமே இல்லாத இடத்தில் பிடித்தார், 44 யார்டு. அதற்கப்புறம் எல்லாம் சரிவுதான், 31-20. எழுந்து நின்றதுதான் தப்பு என்று அன்றைக்கு முடிவு செய்தேன். படித்தவன் எழுதுகிற விஷயமா என்று சிரிக்கலாம். அன்றிலிருந்து ஃபுட்பால் பிளேஆஃபில் முன்னிலையில் இருந்தால் நான் எழுந்திருப்பதில்லை.

உட்கார்ந்தே இருந்தும் பார்த்தாகிவிட்டது. 2022 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸோடு 17-7 என்று நாலாவது குவார்ட்டருக்குள் போனோம், எங்கள் தடுப்பாட்டக்காரர் ஜக்விஸ்கி டார்ட்டுக்கு நேராக ஒரு பந்து மெதுவாக, கோயில் பிரசாதம் மாதிரி வந்து கையில் விழுந்தது, நழுவிவிட்டது. 20-17 தோல்வி. அடுத்த வருஷம் ஃபிலடெல்ஃபியாவில் முதல் தடவை பந்து எங்களிடம் வந்தபோதே பந்து வீசுகிற பிராக் பர்டிக்கு முழங்கையில் அடி, மாற்று ஆட்டக்காரருக்குத் தலையில் அடி, பந்தை வீச ஆளே இல்லாமல் 31-7. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அது ஆட்டமே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நடைமுறை விஷயம். நான் பல வருஷம் இணையவழிச் சந்தாவில்தான் பார்த்தேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். படம் நன்றாக இருக்கும், ஆனால் நேரலைக்கு முப்பது நாற்பது நொடி பின்னால் வரும். எதிர்வீட்டுக்காரர் ஆன்டெனாவில் பார்ப்பவர், அவர் வீட்டில் கூச்சல் கேட்டால் நல்லது நடக்கப்போகிறது, ஒரு கெட்ட வார்த்தை கேட்டால் போச்சு. இதில் என்ன பதற்றம் இருக்கும் சொல்லுங்கள், வினாத்தாள் வருவதற்கு முன்பே விடைத்தாளைக் கொடுத்த மாதிரி. நானும் ஜன்னலில் ஒட்டுகிற சின்ன ஆன்டெனா ஒன்று வாங்கினேன். சூப்பர் போலும் என்பிஏ இறுதிச் சுற்றும் இலவச அலைவரிசையில் வருகின்றன, மாதக் கட்டணம் கிடையாது. பத்து வருஷத்தில் இந்த ஆட்டங்களுக்காக நான் செய்த உருப்படியான செலவு அது ஒன்றுதான். நேரமும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் மேற்குக் கரையில் சூப்பர் போல் மதியம் மூன்றரைக்கே தொடங்கிவிடும், இரவுச் சாப்பாட்டுக்குள் அழுது முடித்துவிடலாம். வாரநாள் கூடைப்பந்துதான் சிக்கல், ஐந்தரை ஆறுக்கெல்லாம் தொடங்குகிறது, 880 நெடுஞ்சாலையில் வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோவில் கேட்ட முதல் பாதிகள் எத்தனையோ.

2024 ஜனவரி 28 பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஜெயித்தால் சூப்பர் போல். லீவைஸ் ஸ்டேடியம், எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம், டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டு வீட்டிலேயே பார்த்தோம். டெட்ராய்ட் லயன்ஸ் பாதி ஆட்டத்தில் 24-7 முன்னிலை. நான் போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தேன். பர்டி வீசிய நீளப் பந்து டெட்ராய்ட் தடுப்பாட்டக்காரரின் ஹெல்மெட் கம்பியில் பட்டுத் தெறித்து பிராண்டன் அயூக் கையில் போய் விழுந்தது, 51 யார்டு. மகள் ஓடி வந்து, "அப்பா, நீங்க இங்கயே இருங்க, வராதீங்க, பாத்திரம் தேய்ங்க" என்றாள். ஏழு வயசு. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன். 27 புள்ளி வரிசையாக எடுத்து 34-31 என்று ஜெயித்தார்கள். இந்த வீட்டில் ஃபுட்பால் தந்த மிகப் பெரிய சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை, கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 11, லாஸ் வேகஸ், மறுபடியும் அதே கன்சாஸ் சிட்டி. எல்லாமே சின்னச் சின்னதாகப் பறிபோனது. எங்கள் தடுப்பாட்டக்காரர் கிரீன்லா களத்துக்குள் ஓடி வரும்போதே குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார், யாரும் தொடக்கூட இல்லை. அவர்கள் எங்களுக்கு விட்டுக்கொடுத்துத் தூரமாக உதைத்த பந்து எங்கள் ஆள் ஒருவரின் காலில் பட்டு அவர்களுக்கே போனது, அடுத்த வீச்சிலேயே டச்டவுன், அதாவது பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்து ஆறு புள்ளி. எங்கள் உதைப்பவர் ஜேக் மூடி 55 யார்டிலிருந்து உதைத்து சூப்பர் போல் சாதனை படைத்தார், அதே ஆட்டத்தில் அவர்களின் பட்கர் 57 யார்டிலிருந்து உதைத்து அதை முறியடித்தார். டச்டவுனுக்குப் பின் ஒரு புள்ளிக்கு உதைக்கும் எக்ஸ்ட்ரா பாயின்ட்டில் மூடியின் ஒன்றையும் தடுத்துவிட்டார்கள். அந்த ஒரு புள்ளி இருந்திருந்தால் என்று பிப்ரவரி முழுக்கக் கணக்குப் போட்டேன்.

19-19, ஓவர்டைம். முன்பெல்லாம் முதலில் பந்து கிடைத்த அணி டச்டவுன் போட்டால் ஆட்டம் முடிந்தது. 2022 ஜனவரியில் பஃபலோ அப்படித்தான் ஓவர்டைமில் பந்தைத் தொடாமலேயே தோற்றது, அதற்குப் பிறகு பிளேஆஃபில் இரண்டு அணிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு என்று விதியை மாற்றினார்கள். அப்படியென்றால் இரண்டாவதாக ஆடுவதுதானே நல்லது, எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஆடலாம். நாங்கள் டாஸ் ஜெயித்து முதலில் ஆடினோம். மூன்றாவது முறை பந்து தேவைப்பட்டால் அது நமக்கு வரும் என்பது பயிற்சியாளர் ஷானஹனின் கணக்கு. எங்கள் ஆட்டக்காரர்களில் சிலர் அந்தப் புது விதியே தெரியாது என்று பிறகு சொன்னபோது நான் டீவியை அணைத்துவிட்டேன். மூன்று புள்ளி எடுத்தோம், அவர்கள் டச்டவுன் எடுத்தார்கள், 25-22. மகள் அழுதாள். நைனர்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1995 ஜனவரியில், இலவு காத்த கிளிக்காவது பஞ்சு பறப்பதைப் பார்க்கக் கிடைத்தது. ஓக்லாந்து ஊர்வலத்துப் பெரியவர் ஏன் அழுதார் என்று அன்று இரவுதான் எனக்கு விளங்கியது.

கூடைப்பந்தின் தவணை வேறு மாதிரி. 2019 இறுதிச் சுற்றில் டொராண்டோவிடம் ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் டுரான்ட் அடிபட்டு விழுந்தார், ஆறாவதில் கிளே முழங்கால் போய் உள்ளே போனவர், ஃப்ரீ த்ரோ போடத் திரும்பி நடந்து வந்து இரண்டையும் போட்டுவிட்டுப் போனார். ஓக்லாந்து ஓரக்கிள் அரங்கில் வாரியர்ஸின் கடைசி ஆட்டம் அது. அடுத்த வருஷம் 15 வெற்றி, 50 தோல்வி. ஆனால் இந்த வலிக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. 2022 இறுதிச் சுற்றில் பாஸ்டனிடம் 1-2 என்று பின்தங்கியபோதும் நான் தூங்கினேன், நாலாவது ஆட்டத்தில் கறி அங்கேயே போய் 43 புள்ளி எடுத்தார். கத்தினேன், குழந்தை பெரியவளாகிவிட்டதே, அவளும் சேர்ந்து கத்தினாள். ஆறாவது ஆட்டம் முடிவதற்கு முன்பே கறி களத்தில் அழுதுவிட்டார். அதை மட்டும் இன்றைக்கும் மாதம் ஒருமுறையாவது போட்டுப் பார்க்கிறேன்.

அந்தத் தவணைக்கும் வட்டி உண்டு. 2025இல் ஹூஸ்டனை ஏழாவது ஆட்டத்தில், எங்கள் பட்டி ஹீல்டின் 33 புள்ளியால் தாண்டினோம். மினசோட்டாவோடு முதல் ஆட்டமும் ஜெயித்தோம், ஆனால் அதிலேயே கறிக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. மிச்சம் நாலு ஆட்டம், எல்லாம் தோல்வி, என்ன ஆகும் என்று தெரிந்தே ஒரு வாரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்தோம். ஃபுட்பாலாக இருந்தால் அன்றைக்கே ஜெயித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போயிருப்போம். இதைத்தான் மாற்றி மாற்றிச் சொல்கிறேன் என்றேன்.

பத்து வருஷத்தில் தேய்ந்துபோனது என் குரல்தான், எதிர்வீட்டுக்காரர் கத்துமளவு இப்போது கத்துவதில்லை. மகளுக்கு இன்னும் தேயவில்லை. யார் எங்கே உட்கார வேண்டும் என்று வீட்டில் அவள்தான் சொல்கிறாள். தாத்தா வந்தால் ஜன்னலோர நாற்காலி, அம்மாவுக்குச் சோஃபாவின் இடது ஓரம், நைனர்ஸ் பிளேஆஃபுக்கு வந்துவிட்டால் எனக்குச் சமையலறை. அன்றைக்கு மதியமே பாத்திரத்தைக் கழுவிவிடக் கூடாது, சேர்த்து வைக்க வேண்டுமாம்.