மாரத்தான் நடக்க: தினமும் ஒரு மணி நேரமா, ஞாயிறு நீள நடையா?

மாரத்தானை ஓடித்தான் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொடுத்த நேரத்துக்குள் 42.195 கிலோமீட்டரை நடந்து கடந்தாலும் முடித்த கணக்குதான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நான் நடந்தே ஒன்றை முடித்ததிலிருந்து, கிருஷ்ணகிரியில் தெரிந்தவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள்: "தினமும் ஒரு மணி நேரம் நடந்தா பத்தாதா? எதுக்கு ஞாயித்துக்கிழமை பாதி நாளைத் தொலைக்கணும்?"

நான் ஞாயிறு கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தினநடைக்கு நான் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. எடை, சர்க்கரை, தூக்கம் என்று அதன் பலன்கள் ஊருக்கே தெரியும். மைதானத்தில் பேச்சுத்துணை கிடைக்கும், எட்டு மணிக்குள் வீடு திரும்பி வேலைக்கும் கிளம்பலாம். ஜிம் டிரெட்மில் இதன் ஒன்றுவிட்ட தம்பி. ஐப்பசி மழைக்கு நல்லது. அதில் எனக்கு அனுபவம் குறைவு, முக்கால் மணி நேரத்துக்கு மேல் அதன்மேல் நிற்கப் பொறுமை இருந்ததில்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டரைக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் தினமும் ஒரு மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்றால் வாரத்துக்கு 30 கிலோமீட்டர் வரும். நடுவாரத்தில் மூன்று நாள் முக்கால் மணி நேரமும் ஞாயிறு 18 கிலோமீட்டரும் நடந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். அப்புறம் எங்கே வித்தியாசம்? மூன்றாவது மணி நேரத்தில். தினநடைக்காரர் அந்த மணி நேரத்தைப் பார்ப்பதே இல்லை. அதே வேகத்தில் மாரத்தான் முடிய எட்டரை மணி நேரம் ஆகிவிடும்.

நடப்பவரை நடுவழியில் உட்கார வைப்பது பெரும்பாலும் மூச்சு இல்லை, பாதம்தான். ஓடுபவருக்கு நெஞ்சு திணறும். நடப்பவருக்கு நெஞ்சு சும்மா இருக்கும், உள்ளங்கால் எரியும். இரண்டு மூன்று மணி நேரம் நடந்தால் பாதம் வீங்குகிறது. காலையில் கச்சிதமாக இருந்த ஷூவில் பெருவிரல் முன்பக்கம் இடிக்க ஆரம்பிக்கும். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே ஈரமாக நிற்கும். ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம்தான். எனக்குக் குதிகாலின் உள்பக்கத்தில், சாக்ஸ் மடிப்பு விழும் இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு எழும்பியது. முதல் ஒரு மணி நேரத்தில் அங்கே சிவப்புகூடத் தெரியாது.

அதனால் ஞாயிறு நடை என்பது உடம்பைத் தேற்றுவது மட்டுமில்லை, பாதத்தைச் சோதித்துப் பார்ப்பதும்தான். அரை சைஸ் பெரிய ஷூ, வியர்வையைப் பிடித்து வைக்காத செயற்கை நூல் சாக்ஸ், நேராக வெட்டிய நகம், விரலிடுக்கில் வாசலின், இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை உட்கார்ந்து ஷூ கயிற்றைத் தளர்த்திக் கட்டுவது. இதெல்லாம் எங்கே படித்தாலும் கிடைக்கும். ஆனால் உங்கள் காலுக்கு எது ஒத்துவரும், எது வராது என்பதை நான்கு மணி நேரம் நடந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். மாரத்தான் அன்றைக்கு அதைக் கண்டுபிடித்து என்ன பயன்?

சாலையின் சாய்வையும் சொல்ல வேண்டும். மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுவார்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் படுவதற்காக நாம் வலது ஓரமாக நடக்கிறோம். போகும்போதும் வலது, திரும்பும்போதும் வலது. அதனால் வலது கால் எப்போதும் கொஞ்சம் தாழ்வாகவே விழுகிறது. ஒரு மணி நேரத்தில் இது உறைக்காது. மூன்றாவது மணி நேரத்தில் இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கத் தொடங்கும். மண் ஓரம் கிடைத்த இடத்திலெல்லாம் அதில் இறங்கி நடக்க ஆரம்பித்த பிறகு எனக்கு அது குறைந்தது.

என் வழக்கமான வழி கே.ஆர்.பி. அணை. காமராஜர் காலத்து அணை, தென்பெண்ணைக்குக் குறுக்கே கட்டியது. போய்த் திரும்பினால் நல்ல நீள நடை. பொரித்த மீன் கடைகள் அந்த நேரத்தில் திறந்திருக்காது, நல்லவேளை. அங்கே நடந்து அலுத்தவர்களுக்கு ஊத்தங்கரை, செங்கம் தாண்டித் திருவண்ணாமலை இருக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இரண்டு சுற்று 28, மூன்று சுற்று 42. மாரத்தான் தூரத்தை இவ்வளவு சுலபமாகக் கணக்குப் போட வேறு இடம் கிடையாது. அங்கே வெறுங்காலோடு நடப்பதுதான் மரபு என்பதால் ஷூவோடு போக எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பௌர்ணமியைத் தவிர்த்து ஒரு சாதாரண நாளில் இரண்டு சுற்று நடந்தேன். இரண்டாவது சுற்றில் கற்றது முதல் சுற்றைவிட அதிகம்.

தூரத்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். எட்டு கிலோமீட்டரில் ஆரம்பித்து வாரம் இரண்டு கிலோமீட்டர் கூட்டி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, 28 அல்லது 30 வரை போனால் போதும். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு. எல்லாம் சேர்த்து நான்கு, நான்கரை மாதம் ஆகும். மூச்சும் தசையும் சீக்கிரம் தேறிவிடும், தசைநார் பின்தங்கியே வரும். தெம்பு இருக்கிறதே என்று அவசரப்பட்டால், காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியிலேயே குதிகால் சுருக்கென்று குத்தும்.

ஞாயிறு நடையின் தொல்லைகளும் உண்டு. மாங்காய் சீசனில் எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். நாலரை மணிக்குக் கிளம்ப வேண்டும், அந்த நேரத்தில் தெருநாய்களுக்கு நம்மைத் தவிர வேறு வேலை இல்லை. ஒரு குச்சி, டார்ச், ஓஆர்எஸ் பாக்கெட் இல்லாமல் போகாதீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலை சுற்றும். வீட்டில் பேச்சும் வாங்க வேண்டியிருக்கும், அதற்கு என்னிடம் வழி இல்லை.

ஒரு விஷயத்தில் தினநடைக்காரர்கள் ஜெயிக்கிறார்கள்: வேகம். ஏழு மணி நேரக்கெடு என்றால் மணிக்கு 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே நடக்க வேண்டும். நீள நடை காலைப் பழக்குமே தவிர வேகத்தைத் தராது. நடுவார நடைகளைக் கையை வீசி, வேர்த்து ஊற்ற நடந்தால்தான் அது வரும். போட்டிக்குப் போட்டி கெடு மாறும், பணம் கட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

21 கிலோமீட்டர் அரை மாரத்தான் போதும் என்பவருக்கு, தினநடையோடு மாதம் இரண்டு நீள நடை சேர்த்தாலே காரியம் ஆகிவிடும் என்று நினைக்கிறேன். நான் அந்த வழியில் போனதில்லை, அதனால் அடித்துச் சொல்லவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் கொப்புள விஷயத்தில் என் பேச்சைக் கேட்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் வந்ததே தெரியாது. டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு அப்புறம் தூரத்தை முடிவு செய்யுங்கள்.