ஃபாலிக்குலர் தைராய்டு கட்டி: பாதி எடுக்குறதா, முழுசா எடுக்குறதா, இல்ல பொறுத்துப் பாக்குறதா?

கழுத்துக் கட்டிக்கு ஊசி டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்ல "ஃபாலிக்குலர் நியோபிளாசம், பெத்தஸ்டா 4"னு (ஃபாலிக்குலர் வகைக் கட்டி, கேன்சரா இல்லையான்னு ஊசி டெஸ்ட்ல சொல்லமுடியலன்னு அர்த்தம்; பெத்தஸ்டாங்கறது அந்த டெஸ்ட் ரிசல்ட்டை 1லேர்ந்து 6 வரைக்கும் பிரிக்கிற கணக்கு) வந்துட்டா வீட்ல பெரிய பஞ்சாயத்தே நடக்கும். ஒரு டாக்டர் பாதி தைராய்டு எடுத்தா போதும்பாரு, இன்னொருத்தர் மொத்தமா எடுத்துடலாம்பாரு, சொந்தக்காரங்க யாராவது ஆறு மாசம் பொறுத்துப் பாருங்களேன்னுவாங்க. இதுல யார் தப்பா சொல்றாங்கன்னு தேடவேண்டியதில்ல, மூணும் சரியா அமையுற ஆளுங்க இருக்காங்க. இந்த நோய் முதல்ல எப்படி வந்து தலைகாட்டுதுங்கறதைப் பொறுத்துதான் எது சரின்னு முடிவாகும். என் கருத்தை இப்பவே சொல்லிடறேன்: ஒரே ஒரு கட்டி, 4 செ.மீ.க்குள்ள, வேற எங்கயும் எதுவும் இல்லன்னா பாதி எடுக்குறதுதான் நியாயம். கட்டி பெருசாவோ, எலும்புலயோ நுரையீரல்லயோ பரவியோ இருந்தா பாதியோட நிறுத்துறதுல அர்த்தமில்ல.

தைராய்டு கேன்சர்ல நூத்துக்கு 80க்கு மேல பாப்பிலரி வகைதான், ஃபாலிக்குலர் சுமாரா 10லேர்ந்து 15. நெட்ல நீங்க படிக்கிற முக்காவாசி விஷயம் பாப்பிலரிக்கு எழுதினது, அதை அப்படியே இதுக்குப் பொருத்திப் பாத்தாதான் குழப்பமே. பாப்பிலரி 30, 40 வயசுலயே வரும், கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவுறது அதுக்கு ரொம்ப சகஜம். ஃபாலிக்குலர் கொஞ்சம் வயசானவங்களுக்கு, 40லேர்ந்து 60க்குள்ள அதிகம், பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய மூணு மடங்கு. இது நெறிக்கட்டிப் பக்கம் அவ்வளவா போகாது, ரத்தக் குழாய்க்குள்ள புகுந்து நேரா நுரையீரலுக்கும் எலும்புக்கும் போற சுபாவம். அதனால கழுத்துல வேற நெறி எதுவும் கட்டலயேன்னு நிம்மதியாகுறது பாப்பிலரிக்கு ஓரளவு பொருந்தும், ஃபாலிக்குலருக்கு அதை வெச்சு எதுவுமே சொல்லமுடியாது.

அயோடின் பத்தாத ஊர்கள்ல ஃபாலிக்குலரோட பங்கு அதிகமா இருக்கும்ங்கறதும் பழைய சங்கதிதான். நம்ம நாட்டுல 1956ல ஹிமாச்சல்ல இருக்கிற காங்க்ரா பள்ளத்தாக்குல அயோடின் உப்பு குடுத்துப் பார்த்த ஆய்வு, 1962ல கழுத்துக்கழலைத் தடுப்புத் திட்டம்னு வந்ததெல்லாம் கழலைக்காக, ஆனா அயோடின் உப்பு பரவுன இடங்கள்ல ஃபாலிக்குலரோட பங்கு குறைஞ்சு பாப்பிலரியோட பங்கு ஏறியிருக்குன்னு பல நாடுகள்ல பாத்திருக்காங்க. ஹிமாலயன் உப்பு, கல்லுப்புதான் ஒசத்தின்னு அயோடின் உப்பை நிறுத்துறவங்க இதையும் கொஞ்சம் யோசிக்கணும்.

சரி, எப்படித் தெரியவரும்? பெரும்பாலும் வலியே இல்லாத ஒத்தைக் கட்டி. கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு வாய் தண்ணி விழுங்கினா குரல்வளையோட சேர்ந்து மேல ஏறி இறங்கும், கைக்கு கொஞ்சம் கெட்டியா தட்டுப்படும், அவ்ளோதான். டிஎஸ்ஹெச், டி3, டி4ங்கற தைராய்டு ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மலா இருக்கும். பலபேர் தவறவிடுறது இங்கதான், "தைராய்டு நார்மல்"னு லேப் பேப்பர்ல பாத்ததும் கட்டியை விட்டுடறாங்க, அந்த டெஸ்ட் சுரப்பி வேலை செய்யுதாங்கறதை மட்டும்தான் சொல்லும், கட்டி என்ன ஜாதின்னு அதுக்குத் தெரியாது. ஸ்கேன்லயும் பாப்பிலரி மாதிரி பொடிப்பொடியா சுண்ணாம்புப் புள்ளி, ஓரம் பிசிறுறது இதெல்லாம் இதுல அவ்வளவா இருக்காது, வழுவழுன்னு சுத்தி ஒரு வளையத்தோட சாது மாதிரி தெரியும், அதனால ஸ்கேன் ரிப்போர்ட்ல போடுற சந்தேக மார்க்கும் கம்மியாவே வரும்.

சிலருக்கு ரொம்ப வருஷமா இருந்த கழலை திடீர்னு ஒரு பக்கம் மட்டும் வளர ஆரம்பிக்கும், குரல் கம்மும், விழுங்க கஷ்டமா இருக்கும், இது வந்தா தள்ளிப்போடவே கூடாது. இன்னும் சிலருக்குக் கழுத்துல எதுவும் பெருசா தெரியாமலே முதுகு வலி, இடுப்பு வலின்னு ஆரம்பிக்கும், லேசா இடறி விழுந்ததுக்கே தொடை எலும்பு முறியும், தலையில துடிக்கிற மாதிரி ஒரு வீக்கம் வரும், அங்க பயாப்ஸி எடுத்துப் பாத்தா தைராய்டு திசு. கண்டுபிடிக்கிறப்பவே தூரத்துக்குப் பரவியிருக்கிறது ஃபாலிக்குலர்ல நூத்துக்கு 10 பேர் வாக்குல இருக்கும், சில இடங்கள்ல அதுக்கும் மேல. பாப்பிலரில அது ரொம்பக் கம்மி.

ஊசி டெஸ்ட்லயே கேன்சரா இல்லையான்னு சொல்லமுடியாதான்னு எல்லாரும் கேப்பாங்க. பாப்பிலரில செல்லோட உட்கரு முகமே காட்டிக்குடுத்துடும், ஒரு சொட்டு போதும். ஃபாலிக்குலர்ல சாதாக் கட்டியோட செல்லும் கேன்சர் செல்லும் பாக்க ஒண்ணுபோலவே இருக்கும். வித்தியாசம் செல்லுல இல்ல, உறையில இருக்கு. திசுவை மைக்ரோஸ்கோப்புல பாக்குற டாக்டரான பெத்தாலஜிஸ்ட், ஆபரேஷன்ல எடுத்த கட்டியை முழுசா வெச்சு, சுத்தியிருக்கிற உறையை ஓரம் ஓரமா சீவி, ஸ்லைடு ஸ்லைடா பாப்பாரு, எங்கயாவது திசு காளான் மொளைக்கிற மாதிரி உறையைப் பொத்துக்கிட்டு வெளிய தலைநீட்டியிருக்கா, உறைக்குள்ள ஓடுற ரத்தக்குழாய்க்குள்ள ஒரு குமிழ் ஒட்டியிருக்கான்னு. இது ரெண்டுல ஒண்ணு இருந்தாதான் கேன்சர்னு எழுதுவாரு. ஊசி உறையைத் தாண்டி உள்ள போய் நாலு செல்லை உறிஞ்சிட்டு வருது, அதுல இது எப்படித் தெரியும்? ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறைய வெச்சு உடனே பாக்குற ஃப்ரோசன் செக்‌ஷன் பாத்து சொல்லிடமுடியாதான்னா, அந்த அரைமணி நேரத்துல மொத்த உறையையும் பாக்கமுடியாது, அதனால இதுக்கு அதை நம்பி முழுசா எடுக்குற முடிவுக்கு வர்றதில்ல.

பெத்தஸ்டா 4னா மூணு நாலு பேர்ல ஒருத்தருக்குதான் கேன்சர், மத்தவங்களுக்கு சாதாக் கட்டி. மூணு வழியையும் இந்தக் கணக்கை மனசுல வெச்சுட்டுதான் பாக்கணும்.

பொறுத்துப் பாக்குறது: சின்னக் கட்டி, ஸ்கேன்ல சந்தேகம் கம்மி, இல்ல இதயக் கோளாறு மாதிரி மயக்க மருந்துக்கே பயப்படவேண்டிய வயசானவங்கன்னா நியாயமான வழி. கட்டியோட மரபணுவைப் பாக்குற டெஸ்ட் இருக்கு, அது சாதான்னு வந்தா தைரியமா ஸ்கேன்லயே பாத்துட்டு வரலாம். ஆனா செலவு அதிகம், அதுலயும் ராஸ்ங்கற மரபணுல மாற்றம்னு வந்தா அது சாதாக் கட்டிலயும் இருக்கும் கேன்சர்லயும் இருக்கும், திரும்ப ஆரம்பிச்ச இடத்துக்கே வருவீங்க. இன்னொரு தடவை ஊசி போட்டுப் பாக்கலாம்னு யாராச்சும் சொன்னா பெத்தஸ்டா 4க்கு அதுல பிரயோஜனம் இல்ல, அது பெத்தஸ்டா 3க்கான வழி.

பாதி எடுக்குறது: சந்தேகத்தைத் தீக்குறதும் வைத்தியமும் ஒண்ணாவே முடியும். கட்டி இல்லாத பக்கத்தைத் தொடமாட்டாங்க, அந்தப் பக்கத்துக் குரல் நரம்பும் கால்சியத்தைப் பாத்துக்குற ரெண்டு பாராதைராய்டு சுரப்பியும் பத்திரம், அதனால நிரந்தரமா கால்சியம் இறங்குற பிரச்சனை அநேகமா வராது. மீதி இருக்கிற பாதியே நிறைய பேருக்குப் போதுமான ஹார்மோனைச் சுரக்கும், சிலருக்கு மட்டும் மாத்திரை தேவைப்படும். குறைன்னா ஒண்ணுதான், ரிப்போர்ட் மோசமா வந்தா ரெண்டாவது ஆபரேஷன்.

முழுசா எடுக்குறது: ஒரே ஆபரேஷன், அப்புறம் ரேடியோ அயோடின் (மிச்சமிருக்கிற தைராய்டு செல்லை அழிக்கிற கதிரியக்க அயோடின்) குடுக்கலாம், தைராய்டு செல் மட்டுமே சுரக்கிற தைரோகுளோபுலின்ங்கற புரதத்தோட ரத்த டெஸ்ட்லயே நோய் திரும்புதான்னு பாத்துக்கலாம். பரவியிருந்தா இதுதான் வழி, ஏன்னா கழுத்துல நல்ல தைராய்டு மிச்சம் இருந்தா குடுக்குற அயோடினை அதுவே குடிச்சிடும், எலும்புக்குப் போய்ச் சேராது. இந்த மாதிரி ஆளுங்க ரேடியோ அயோடினுக்கு முன்னாடி அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சிடி எடுக்கணும்னா டாக்டர்கிட்ட கேட்டுக்கணும், அந்த அயோடின் உடம்பைவிட்டுப் போக ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும், சிகிச்சை தள்ளிப்போகும். 4 செ.மீ.க்கு மேலன்னாலும், ரெண்டு பக்கமும் கட்டின்னாலும், ஏற்கனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்கன்னாலும் முழுசா எடுக்குறதுக்கு வாதம் வலுவா இருக்கு. விலை என்னன்னா ஆயுசுக்கும் காலைல வெறும் வயித்துல மாத்திரை, சிலருக்கு விரல் நுனியும் உதட்டைச் சுத்தியும் மரத்துப்போய் கால்சியம் மாத்திரையும் சேரும். கேன்சரே இல்லாத மூணுல ரெண்டு பேர் இந்த விலையைக் குடுக்கறதுதான் எனக்கு மனசு ஒப்பல.

பரவியிருக்குன்னு கேட்டதும் கையக் கட்டிட்டு உக்காந்துடாதீங்க. இப்ப நடைமுறைல இருக்கிற ஏஜேசிசிங்கற அமெரிக்க கேன்சர் ஸ்டேஜ் கணக்கோட எட்டாம் பதிப்புல, 55 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு எலும்புக்கோ நுரையீரலுக்கோ போயிருந்தாலும் ஸ்டேஜ் 2தான், அதுக்கு மேல போடமாட்டாங்க. வயசு அதிகமானா கணக்கு மாறும், ஆனா அயோடினை உறிஞ்சுற கட்டின்னா அப்பவும் வைத்தியம் இருக்கு.

பாதி எடுத்ததுக்கப்புறம் வர்ற பெரிய பயாப்ஸி ரிப்போர்ட்ட வரிவரியா படிங்க. உறையை மட்டும் பொத்துக்கிட்டு வந்திருக்கு, ரத்தக்குழாய்ல எதுவும் இல்லன்னா பெரும்பாலும் அந்தப் பாதியோட முடிஞ்சுடும். நாலு இல்ல அதுக்கு மேல ரத்தக்குழாய்ல புகுந்திருக்கு, இல்ல தைராய்டுக்குள்ளயே அகலமா பரவியிருக்குன்னா மிச்சப் பாதியையும் எடுத்துட்டு ரேடியோ அயோடின் பத்திப் பேசுவாங்க. ரிப்போர்ட்ல "வாஸ்குலர் இன்வேஷன் உண்டு"ன்னு (ரத்தக்குழாய்ல புகுந்திருக்குன்னு) மட்டும் இருந்து எண்ணிக்கை இல்லன்னா, எத்தனை குழாய்னு பெத்தாலஜிஸ்ட்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டு சர்ஜன்கிட்ட போங்க, அந்த நம்பர் இல்லாம ரெண்டாவது ஆபரேஷனுக்கு தேதி வாங்காதீங்க.