கிளாசிக்கல் கிதாருக்கு அரக்கா, லாக்கரா?

கையால் செய்த கிளாசிக்கல் கிதாருக்குப் பூச்சு என்றால் மூன்று பெயர்கள் வரும்: பிரெஞ்சு பாலிஷ் எனப்படும் அரக்குப் பூச்சு, கரைப்பான் ஆவியாகிக் காயும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், பிளாஸ்டிக் படலமாக இறுகும் பாலியூரித்தேன். பளபளப்பில் எதுவும் சளைத்ததில்லை. வியர்வையையும் சூட்டையும் தாங்குவதில் பாலியூரித்தேன்தான் முதல், அரக்கு கடைசி. ஒலி? இரண்டு மி.மீ. சொச்சமே தடிமனுள்ள, ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தாலான மேல்பலகையில் தடித்த பூச்சு அதிர்வை அமுக்கும். மெல்லிய லாக்கரையும் அரக்கையும் காதால் பிரித்தறிய முடியும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒருவரே செய்த இரண்டு கிதார்கள்கூட ஒன்றுபோல் ஒலிப்பதில்லை.

என் ஓட்டு அரக்குக்கே. பழுது பார்க்கும் வசதிதான் காரணம்.

மேல்பலகை என்றாவது கீறுபடும். காற்று வறண்டால் விரிசலும் விடும். இறுகிய பாலியூரித்தேன் மறுபடி கரையாது. புதுப் பூச்சு பழையதோடு கலக்காமல் தனிப் படலமாக உட்காரும். தேய்த்து மட்டப்படுத்தினால் ஓரம் வளையமாகத் தெரியும். லாக்கர் கரையும், ஆனால் ஸ்ப்ரே வேண்டும், நெடியைப் பொறுக்க வேண்டும், மெருகேற்றச் சில வாரம் காத்திருக்க வேண்டும். கிதார் ஸ்டாண்டின் ரப்பர் பட்டால் இளகிப் பிசுபிசுக்கவும் செய்யும்.

அரக்குக்கு ஒரு துணிப்பொதி போதும். மெழுகு நீக்கிய அரக்குச் செதில் 12 கிராமை 100 மி.லி. ஸ்பிரிட்டில் (ஆல்கஹாலில்) கரைத்து வடிகட்டுங்கள். கம்பளித் துண்டைப் பருத்தித் துணிக்குள் முடிந்து, சில துளி ஊட்டி, புறங்கையில் ஒற்றிப் பாருங்கள். ஈரம் ஒட்டாமல் சில்லென்று மட்டும் இருந்தால் சரி. அடியில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தொட்டு, சிறு வட்டங்களாக, எங்கும் நிற்காமல் தேயுங்கள். நின்றால் அடிப்படலம் இளகி, துணியின் நெசவே அதில் பதிந்துவிடும். கடைசியில் ஸ்பிரிட் மட்டும் லேசாகத் தொட்டு மரத்தின் ரேகை ஓட்டத்தில் இழுத்தால், எண்ணெய் மங்கல் விலகும். கீறல் இருந்த இடத்தில் பழையதும் புதியதும் ஒரே படலம்.

பழைய கரைசலாலும் சொதப்பல் வரும். ஆறு மாதம் தாண்டியதைக் கண்ணாடித் துண்டில் தடவி வையுங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் அது இறுகாது, கொட்டிவிடுங்கள்.

முன்கை படியும் விளிம்பில்தான் அரக்கு முதலில் தேயும். மரம் வெளிப்படும் முன்பே அங்கே பூசிவிட வேண்டும். ஸ்ப்ரூஸுக்குள் இறங்கிய அழுக்கைத் தெளிந்த பூச்சு எதுவும் மறைக்காது. அதிகம் வியர்க்கும் என்றால், நெஞ்சும் தொடையும் உரசும் கிதாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் லாக்கர் கேளுங்கள். மேல்பலகைக்கு மட்டும் அரக்கு இருக்கட்டும், முன்கைக்குக் கீழே ஒரு பருத்தித் துணியோடு.