புதுப் பாட்டைக் கடைசிக்குத் தள்ளும் ஸ்பீக்கர்

என் ஸ்பீக்கரில் சார்ஜர் குத்தும் இடம் ஆட்டம் கண்டு, இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் கொடுத்துப் புதுசு போட்டு எடுத்து வந்தேன். அதைப் பார்த்த கூட்டாளி, "மச்சான், நானும் இதே மாதிரி ஒன்று எடுக்கவா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். புளூடூத், எஃப்.எம், பென்ட்ரைவ் மூன்றும் உள்ள சாதாரண கறுப்பு ஸ்பீக்கர். கடைக்கு ஒரு பெயரில் கிடைக்கும்.

நல்லதை மறைக்கக்கூடாது. சத்தம் அருமை. தப்பு மேளம் அடிக்கும்போது பெரிய குச்சியின் அடி வேறாகவும் சின்னக் குச்சியின் அடி வேறாகவும் பிரிந்து கேட்கிறது. எங்கள் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) பள்ளத்தில் இருப்பதால் எஃப்.எம் இரையும். அந்த அலைக்கு முன்னால் மலை நின்றால் எந்தப் பெட்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது. மேட்டில் கோயிலடிக்குக் கொண்டு போனால் சூரியன் எஃப்.எம்மும் சக்தி எஃப்.எம்மும் சுத்தமாக எடுக்கும். பற்றரியும் தாராளம்.

என் கோபமெல்லாம் பென்ட்ரைவ் மேல்தான். இங்கே சிக்னல் வரும், போகும். டேட்டா போட்டு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கக் கட்டுப்படியாகாது. அதனால் யாருக்கு நல்ல பாட்டுக் கிடைத்தாலும் என்னிடம் கொடுப்பார்கள், நான் ஏற்றி வைப்பேன், அந்தியில் எல்லோரும் கேட்போம். மார்கழியில் பஜனை, தைப்பொங்கலுக்குப் புதுப்படப் பாட்டு, மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து என்று வருசம் முழுக்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும். 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது, பாடிய அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று தெரிந்ததும், மறுபடி மறுபடி போடச் சொன்னார்கள். புதுப் பாட்டென்றால் எங்களுக்கு அவ்வளவு ஆசை.

இந்தப் பெட்டியோ புதுப் பாட்டைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறது. பெயருக்கு முன்னால் 01, 02 என்று போட்டுப் பார்த்தாயிற்று, பலனில்லை. உள்ளே இருக்கும் மலிவான சிப் பெயரைப் பார்த்து அடுக்குவதே இல்லை. பென்ட்ரைவின் பட்டியலில் எது முதலில் பதிந்ததோ அதை முதலில் பாடும். நடுவில் ஒன்றை அழித்தால், அந்தக் காலி இடத்தில் புதுசு போய் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அப்புறம் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும். திரை இல்லை, பெயர் தெரியாது, பட்டனை அமுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

இந்த வருசம் தம்பி ஒருவன் காமன் கூத்தில் ரதியின் புலம்பலை ஃபோனில் பதிந்து தந்தான். மன்மதன் எரிந்த பிறகு வரும் பகுதி. குரல் உடைகிற இடத்தில் தப்பு நின்றுவிடுகிறது, சுற்றி நிற்கிற சனம் மூச்சு விடுவது கேட்கிறது. வருசத்தில் எனக்குக் கிடைத்த பாட்டுகளில் முதலிடம் அதற்குத்தான். அதைக் கேட்க வேண்டுமென்று அம்மாயி கொழுந்தெடுத்துவிட்டு வந்த களைப்போடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பட்டனை அமுக்க அமுக்கப் படப் பாட்டுத்தான் வந்தது. "சரிடா, பெறகு கேக்குறேன்" என்று எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வழி ஒன்று இருக்கிறது. பென்ட்ரைவைச் சுத்தமாக ஃபோர்மட் பண்ணி (ஃபெட்32 என்ற வகை ஃபோர்மட் என்றால்தான் இதற்குப் புரியும்), புதுசை முதலில், பழசைப் பிறகு என்று ஒவ்வொன்றாகக் கொப்பி பண்ண வேண்டும். அப்படிச் செய்துதான் அம்மாயிக்குப் போட்டுக் காட்டினேன். ஆனால் பாட்டுச் சேரும் ஒவ்வொரு தடவையும் கணினி உள்ள வீடாகப் பார்த்துப் போக முடியுமா?

சத்தத்தை இவ்வளவு புகழ்ந்தாலும் கூட்டாளிக்குச் சொன்ன பதில், எடுக்காதே. கடைக்குப் போகும்போது சொந்தப் பென்ட்ரைவில் சில பாட்டு ஏற்றிக்கொண்டு போ. கடைசியாக ஏற்றியதற்கு 01 என்று பெயர் வை. பெட்டி அதை முதலில் பாடினால் காசைக் கொடு, இல்லாவிட்டால் அடுத்த பெட்டியைக் காட்டச் சொல்.